கிழக்குப் பார்த்த முகப்பு

கோயமுத்தூரில் கடை பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் திசையைக் கேட்பார். கிழக்கு என்றால் முகம் மலரும். வடக்கு என்றால் யோசித்துச் சொல்கிறேன் என்பார். தெற்கு, மேற்கு என்றால் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். இப்படி ஊரே வாஸ்து பார்த்துக் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருப்பதால் நந்தகுமாருக்குப் பிழைப்பு காலையில்தான். வெயில் கடையின் நெற்றியில் நேராக விழ வேண்டும், பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிய வேண்டும். கொஞ்சம் அசந்தால் சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடும். சன்ஷேடின் நிழல் விழுந்து, எவ்வளவு பெரிய கடையானாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

போனில் வழி காட்டும் மேப்புக்காகக் கடை முகப்புகளைப் படம் எடுப்பது அவன் தொழில். ஒரு காலத்தில் இதை யார் வேண்டுமானாலும் செய்தார்கள். கடைக்கு வந்தவர் போனைத் தூக்கிப் பிடித்து ஒன்று எடுத்துப் போடுவார். அதில் பாதி ஆட்டோவாகவும் கால்வாசி அவருடைய கட்டைவிரலாகவும் இருக்கும். மிச்சம் உள்ள இடத்தில் கடையைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். 'தெரிஞ்ச முகம்' வந்த பிறகு அந்த விளையாட்டெல்லாம் நின்றது. மேப் கம்பெனி சொந்தமாக ஆள் வைத்து, நல்ல கேமராவும் கொடுத்து, தெருத் தெருவாக அனுப்பியது.

தெரிஞ்ச முகம் என்றால் என்ன என்று அவன் தினமும் யாருக்காவது விளக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வடவள்ளியில் பேக்கரிக்காரர் சிவசண்முகம் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, நீங்கதான எங்க கடையப் படம் புடிச்சீங்க? இதப் பாருங்." போனை நீட்டினார். "எங்க சகலை வாசல்ல நின்னு பப்ஸ் தின்னுட்டிருக்கறான்."

படத்தில் கதவுக்கு இடப்பக்கம், காலை வெயிலில், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் விழுந்த துகள்கூடத் தெரிந்தது.

"நல்லதுதானுங்களே."

"என்னத்த நல்லது? கடை தொறந்த நாள்ல இருந்து அவன் இந்தப் பக்கமே வந்ததில்லீங். கோவிச்சுட்டு இருக்கறான். எம்பொண்டாட்டி போன்ல பாத்தா அவங்க அக்கா நிக்கறா. அவளும் வந்ததில்ல."

"வந்தவங்களத்தான் காட்டோணும்னு இல்லீங்ணா. நான் ஆளே இல்லாமத்தான் எடுக்கறேன். அப்புறம் யாரு அந்தப் படத்தைப் பாக்கறாங்களோ, அவங்க போன்ல இருக்கற முகத்துல ஒண்ண எடுத்து அதுவே நிக்க வெச்சுக்கும்."

"எந்த முகத்த?"

"யாரு அங்க நின்னா நீங்க தாண்டிப் போகாம நிப்பீங்களோ, அவங்களை. புதுசா ஒரு எடத்துக்குள்ள நொழையறதுக்கு நமக்குத் தயக்கம் இருக்குமில்லீங்? தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா தைரியமாப் போவோம். போய் வாடிக்கை ஆயிட்டா அந்த முகம் தானா மறைஞ்சிரும். கடைக்காரங்களுக்கு மட்டும் எப்பவும் தெரியும்."

"பொய்யில்லீங்களா அது?"

"கீழ போட்டிருக்குதுங், மாதிரிப் படம்னு."

"எறும்பு படிக்கறதுக்கா போட்டிருக்கறாங்?" சிவசண்முகம் எரிச்சலோடு போனைப் பையில் வைத்தார். ஓவனுக்குள் ஒரு தட்டைத் தள்ளிவிட்டு வந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தார். "ஆனா அவன் நின்னு திங்கறது பாக்க நல்லாத்தான் இருக்குது" என்றார், குரலைத் தணித்து.

அந்த இயந்திரத்துக்கு இருந்த சாமர்த்தியம் அதுதான். எவன் வந்தால் மனசு குளிரும் என்று அவரவருக்கே தெரியாததை அது தெரிந்து வைத்திருந்தது.

இதனால் நல்ல படம் என்பதன் அர்த்தமே மாறிப்போயிருந்தது. ஆள் நிற்க இடம் விட்டு எடுக்க வேண்டும். கதவுக்கு ஒரு பக்கம், வெயில் படுகிற இடத்தில், ஒருவர் வந்து நின்றால் இயல்பாகப் பொருந்துகிற மாதிரி ஒரு வெற்றிடம். ஆபீஸில் அதற்கு 'ஆளிடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நந்தகுமாரின் ஆளிடங்களுக்கு நல்ல மதிப்பு. சலூன் என்றால் பெஞ்சின் ஓரத்தில் பேப்பரை மடித்து வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு விடுவான். மருந்துக்கடை என்றால் முதல் படியைக் காலியாக விடுவான். அங்கே யாரோ வரப்போகிறார்கள் என்று படமே சொல்லும்.

இத்தனை திறமை இருந்தும் சில மாதமாக அவனுக்கு வேலை பிந்திக்கொண்டே போனது. காரணம், காலையில் அப்பாவுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியிருந்தது.

அப்பா சென்னியப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்புக்குத் தகடு வைத்ததிலிருந்து அவரால் தானாகக் குளிக்க முடியவில்லை. மருமகள் சுகன்யா கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள், விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள். அவள் வீட்டில் இருந்தாலும் இந்த வேலையை அவளிடம் விட முடியுமா? ஆக, நந்தகுமார்தான்.

கவுண்டம்பாளையத்து அடுக்குமாடி வீட்டின் குளியலறை ஓர் ஆளுக்கே இடிக்கும். அப்பா பிளாஸ்டிக் முக்காலியில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். பெற்ற பிள்ளை முன்னால் உடம்பைக் காட்ட அவருக்கு வெட்கம். அதைப் பார்க்க இவனுக்கும் வெட்கம். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு சொம்புத் தண்ணீருக்கும் அப்பா கேட்பார்:

"நேரமாச்சா கண்ணு?"

"இல்லீங்ப்பா."

"வெயிலு வந்திருச்சா?"

"இல்லீங்ப்பா."

ஜன்னலில் வெயில் வந்துதான் இருக்கும். எங்கேயோ ஒரு துணிக்கடையின் நெற்றியில் இந்நேரம் அழகாக விழுந்துகொண்டிருக்கும். அப்பா அவசரப்பட்டு எழுந்திருக்கப் பார்ப்பார், கால் நடுங்கும், மறுபடியும் உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவர் மெதுவாகச் செய்வதைக்கூட நந்தகுமார் பொறுத்துக்கொண்டான். "நேரமாச்சா?" என்று கேட்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. தான் ஒரு தொந்தரவு என்று அவரே தினமும் ஞாபகப்படுத்துவது மாதிரி இருந்தது. ஒரு நாள் சொம்பை வாளிக்குள் சத்தமாகப் போட்டான். அப்பா அதற்குப் பிறகு கேள்வியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

தொண்டாமுத்தூர் சாலையில் 'நிறைவு முதியோர் இல்லம்' என்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அதைப் படம் எடுக்கும் வேலை நந்தகுமாருக்கு வந்தது. அதுவும் கிழக்குப் பார்த்த கட்டடம்தான். அன்று சுகன்யாவுக்கு விடுமுறை. "இன்னைக்குத் தண்ணி வேண்டாம் கண்ணு, தொடச்சுக்கறேன். நீ வேலையப் பாரு" என்று அப்பாவே அனுப்பி வைத்தார். எங்கே போகிறான் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

போனபோது முதியவர்கள் வராந்தாவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மட்டும் சூரியனுக்குக் கொடுத்திருந்தார்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் என்கிற அம்மாள் உற்சாகமாக வந்தார். "எல்லாரையும் தலை சீவி ஒக்கார வெக்கட்டுமாங் தம்பி?"

"வேண்டாங்கக்கா. ஆளில்லாம வேணும். கொஞ்ச நேரம் உள்ள இருக்கச் சொல்லுங்."

மரகதம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கைதட்டி எல்லாரையும் உள்ளே அழைத்தார். எழுந்திருக்கவே சிலருக்கு நேரம் பிடித்தது. வெயில் வீணாகிறதே என்று நந்தகுமாருக்குப் பரபரப்பு. அவர்கள் போனதும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பின்னால் கொண்டுபோய் மறைத்தான். ஆபீஸ் அறையிலிருந்து மரகதத்தின் பிரம்பு நாற்காலியை வாங்கி வந்து, நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில், வெயில் மடியில் விழுகிற கோணத்தில் போட்டான். பின்னால் ஒருவர் நிற்கவும் இடம் விட்டான். உள்ளே ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள் வந்து நின்று, தங்கள் வெயிலை அவன் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன. திரையை இழுத்துவிடச் சொன்னான்.

அவன் எடுத்ததிலேயே மிகச் சிறந்த ஆளிடம் அது.

அன்று சாயங்காலம் படம் மேப்பில் ஏறிவிட்டதா என்று போனில் திறந்து பார்த்தான். பிரம்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தது. நெற்றியில் திருநீறு. யாரோ நன்றாகத் தண்ணீர் வார்த்து, துவட்டி, அவசரமே இல்லாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அழைத்து வந்து உட்கார வைத்த மாதிரி இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். நேரமாச்சா என்று கேட்கிற முகமாக அது இல்லை.

நந்தகுமாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே போனை அணைத்தான். அடுத்த அறையில் நிஜமான அப்பா இருமிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவருக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு வந்தான். வந்ததும் மறுபடியும் படத்தைத் திறந்தான்.

படத்தில் நிழல் ஏதாவது தவறாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தொழில்காரன் தன் வேலையைச் சரிபார்க்கக் கூடாதா? அடுத்த நாளும் சரிபார்த்தான். சிக்னலில் நிற்கும்போது, டீ ஆறும்வரைக்கும், வண்டிக்குப் பெட்ரோல் போட வரிசையில் நிற்கும்போது. விரலால் பெரிதாக்கி அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தான். பார்க்கும்போது நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. இறங்கியவுடனே கூசியது. அந்தக் கூச்சம் போக மறுபடியும் பார்த்தான். சுகன்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியிடம் மறைத்துப் பார்க்கிற படத்தில் பெற்ற அப்பா இருக்கிறார் என்பதை நினைக்கையில் அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. காலடியில் ஜிப் வைத்த பை. கைத்தடி மடியில்.

"கெளம்பலாமா கண்ணு?"

"எங்கீங்ப்பா?"

அப்பா கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினார். நிறைவு முதியோர் இல்லம். அதே வெயில், அதே நந்தியாவட்டை. பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் நந்தகுமார் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை நாற்காலியின் முதுகில், இன்னொரு கை முன்னால் நீண்டு, வாங்க என்று கூப்பிட்டபடி. முகம் நிறையச் சிரிப்பு. அப்பாவைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டு சுகன்யா சமையலறையிலிருந்து வந்தாள். "என்னுங் மாமா, பையெல்லாம் எடுத்து வெச்சிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல அம்முணி. நந்து ஒரு எடம் பாத்து வெச்சிருக்கறான். எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு படமா அனுப்பி உட்டிருக்கறான்."

"நான் அனுப்பலீங்ப்பா! அங்க போட்டோ எடுக்கத்தான் போனேன். இதெல்லாம் அந்த மெசினு பண்றது."

"சரி கண்ணு." அப்பாவின் குரலில் கோபமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "டிரிப்பு முடிஞ்சும் சீட்டுலயே ஒக்காந்திருக்கற ஆளுகளை எத்தனை பேரத் தட்டி எழுப்பி எறக்கி உட்டிருக்கறேன் நானு. எனக்கே தெரிஞ்சிருக்கோணும். நீயா சொல்லற அளவுக்கு உட்டுட்டேன் பாரு, அதுதான் வெக்கமா இருக்குது."

வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை என்று நந்தகுமாருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குப் பதிலாக, இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டு நிரூபித்துவிடலாம் என்று நினைத்தான். அதுதான் அவன் செய்த முட்டாள்தனம். போனை எடுத்து ஆபீஸில் படங்களை மேற்பார்க்கும் பிரின்சியைக் கூப்பிட்டான். அப்பாவுக்கும் சுகன்யாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"ஞாயித்துக்கெழமை தொந்தரவு பண்றேன் பிரின்சி. அந்த நிறைவு இல்லத்துப் படம் எங்கப்பாவுக்கு ஏன் போச்சு? அவரு அந்த மாதிரி எடத்தையெல்லாம் தேடவே இல்லியே."

"பாக்கறேன் சார்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா சார், அவர் தேடல. வீட்டு வழியாப் போயிருக்கு."

"அப்பிடின்னா?"

"ஒரே வீட்டுல ஒருத்தர் ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் பாத்தா, அதை வீட்டுல இருக்கற மத்தவங்களுக்கும் காட்டும் சார். ஸ்கூல், ஆஸ்பத்திரி, ஹோம் இதெல்லாம் குடும்பமாக் கலந்து பேசற விஷயம் இல்லையா? பேச்சை எடுக்க யாருக்காவது கூச்சமா இருக்கும். அதுக்கு ஒரு சின்ன உதவி."

நந்தகுமாரின் விரல் ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடியது. "சரி பிரின்சி, நான் அப்புறமா..."

"நீங்கதான் சார் பாத்திருக்கீங்க" என்றாள் அவள், சந்தோஷமாக. "சிக்னல்ல நிக்கறப்பக்கூட. அந்த நாற்காலியை மட்டும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்திருக்கீங்க. இவ்வளவு நேரம் யாரும் ஒரு முகப்பைப் பாத்து நான் பாத்ததில்ல சார். ஆளிடம் அவ்வளவு அருமையா வந்திருக்கு. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் உங்க படத்தைத்தான் மாதிரியாக் காட்டப் போறோம்."

அவன் போனை அணைத்தான். குக்கர் ஒரு விசில் அடித்தது. சுகன்யா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவன் வெந்நீர் வாளியைப் பார்த்தான்.

அப்பாதான் முதலில் பேசினார்.

"தொழிலுன்னா பாக்கத்தான வேணும்" என்றார், சுகன்யாவைப் பார்த்து. "நெழலு கிழலு தப்பா உழுந்திருக்குதான்னு பாத்திருப்பான். அவனுக்கு வேலை சுத்தமா இருக்கோணும், சின்னதுல இருந்தே அப்பிடித்தான்."

தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே பொய்யை அப்பா எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டார். அவர் திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அவமானத்தில் நந்தகுமாரின் காது மடல் இரண்டும் கொதித்தன.

"மாமா, நீங்க உள்ள வாங்க. பையக் குடுங்க." சுகன்யா குனிந்து பையைப் பிடித்தாள். நந்தகுமாரிடம் திரும்பினாள். "ஏனுங்க, சும்மா நிக்கறீங்களே, வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாரோ என்னவோ. நந்தகுமாருக்குக் குளியலறை முக்காலி ஞாபகம் வந்தது, அடுத்த நாள் காலை காத்திருக்கும் காந்திபுரத்துக் கடைகள் ஞாபகம் வந்தன, படத்தில் பார்த்த அப்பாவின் சிரிப்பும் ஞாபகம் வந்தது.

"ரெண்டு நாளு இருந்து பாக்கட்டும்" என்றான்.

சுகன்யா பையை விட்டுவிட்டு உள்ளே போனாள். பையை அவன் எடுத்துக்கொண்டான். அது கனமாக இல்லை. வாசலில் செருப்பை மாட்டிவிடக் குனிந்தபோது அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "நேரமாச்சா கண்ணு?" என்று கேட்டார்.

அதன் பிறகு நந்தகுமாருக்குக் காலைகள் திரும்பக் கிடைத்தன. பிந்திப்போன கடைகளையெல்லாம் எடுத்து முடித்தான். வேலை நன்றாக நடந்தது என்பதுதான் இதில் மோசமான பகுதி. சொம்பின் சத்தம் இல்லாத குளியலறையில் அவன் சீக்கிரமாகக் குளித்துவிட்டு வெளியே வந்தான். சுகன்யா அவனோடு பேசினாள், தேவையான அளவுக்கு. வாடகை, கேஸ், மாவு. இரண்டு நாள் என்று சொன்னது வாரங்களாகிவிட்டதை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இல்லத்துக்குப் போவதென்றால் வேலை முடிந்துதான் போவான். கிளம்பும்போது போன் செய்து, "பொழுதோட வர்றேங்ப்பா" என்று சொல்வான். பொழுதோட என்றால் எங்கள் பக்கம் சாயங்காலம். அப்பாவும் "பொழுதோடவே வா கண்ணு, வேலையக் கெடுத்துக்காத" என்பார்.

ஒரு நாள் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழி பார்க்க மேப்பைத் திறந்தான். இல்லத்தின் முகப்பு வந்து நின்றது. நாற்காலி காலியாக இருந்தது.

படம் சரியாக இறங்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திறந்தான். பெரிதாக்கிப் பார்த்தான். வெயில் இருந்தது, நந்தியாவட்டை இருந்தது. அப்பா இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பேக்கரிக்காரரிடம் தானே சொன்னதுதான். உள்ளே வந்து வாடிக்கை ஆகிவிட்டால் முகம் மறைந்துவிடும். நாற்காலிக்கு ஆள் கிடைத்தாயிற்று, இனி அவனுக்கு யாரையும் காட்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் யாருமில்லை. சூரியன் கட்டடத்தின் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் முழுவதும் நிழல். அப்பா உள்ளே ஹாலில், ஓடுகிற டிவிக்கு எதிரில், சிவப்பு நாற்காலியில் இருந்தார். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டை சுத்தமாக இருந்தது, பொத்தான்கள் சரியாக மாட்டியிருந்தன. அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்ப்பா."

"வெளிய போலாம் கண்ணு. உள்ள சத்தம்."

நந்தகுமார் ஆபீஸ் அறைக்குப் போனான். "அக்கா, உங்க பிரம்புச் சேரைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?"

"மறுபடியும் போட்டோவாங்?" என்றார் மரகதம்.

"இல்லீங்."

அதை அவனே தூக்கிக்கொண்டு வந்து நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் போட்டான். தரையில் எந்த இடம் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தான். அவர் பிரம்பைத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சேருதான?"

"ஆமாங்ப்பா."

"எம்போன்ல நீ இதும் பொறகால நின்னுட்டிருந்தே." கொஞ்சம் தயங்கிவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "உம்போன்ல இதுல நானு இருந்தேனா?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? "ஆமாங்ப்பா."

"எப்பிடி இருந்தேன்?"

"நல்லா இருந்தீங்க. வெள்ளைச் சட்டை. தலை சீவி, திந்நீறு வெச்சு." நந்தியாவட்டை இலை ஒன்றைக் கிள்ளினான். "சிரிச்சுட்டு இருந்தீங்க."

அப்பா தலையைக் கையால் ஒரு முறை படிய வைத்துக்கொண்டார். காலரைச் சரி செய்தார். நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பிடியா?"

நந்தகுமாரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே குனிந்து நாற்காலியின் காலை நகர்த்துவது போலப் பாவனை செய்தான். அழுகை வந்தது. படத்தில் இருந்ததைப் போலவே அச்சு அசலாக இருந்தது அந்தச் சிரிப்பு. அவனுக்காகச் செய்து காட்டியது.

"வெயிலு இல்ல பாரு, அதான் ஒரு மாதிரி தெரியும்" என்றார் அப்பா. "பொழுதோட வந்தா இங்க நெழலுதான். கெழக்குப் பாத்த எடமில்லியா? காலைல உழுகும். நெம்ப நல்லா இருக்கும். எல்லாரும் வந்து ஒக்காந்துக்குவாங்க." பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர் போல, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு நாளைக்குக் காலைல வா கண்ணு."

"வர்றேங்ப்பா" என்றான்.

அப்பா தலையாட்டினார். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.